அறிவியல் துறை முனைவர் பட்ட ஆய்வாளர்களின் வழிகாட்டுதல், நிதியுதவி, ஆய்வேட்டு மதிப்பீடு தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்
அறிவியல் துறைகளின் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்கள் மற்றும் நெறியாளர்கள்,
மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள், இணைவுபெற்ற கல்லூரிகளின் ஆய்வு மையங்கள்,
தமிழ்நாடு.

பெறுநர்
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: அறிவியல் ஆய்வாளர்களால் நேராத காலதாமதங்களைப் பதிவு செய்து களைதல், ஆய்வு ஆலோசனைக் குழுவான டாக்டரல் கமிட்டியின் கூட்டங்களை முறைப்படுத்துதல், ஆய்வேட்டு மதிப்பீட்டை 6 மாதத்துக்குள் முடித்தல் – ஆணை பிறப்பிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, முனைவர் பட்டத்துக்குச் சேருபவருக்குக் குறைந்தது 3 ஆண்டும் அதிகபட்சம் 6 ஆண்டும் உண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு. இந்த ஆண்டுகளில் ஆய்வுக்குப் போனது எவ்வளவு, கோப்புக்குப் போனது எவ்வளவு என்ற கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கருவி பழுதானாலும், தேர்வாளர் அறிக்கை அனுப்பாவிட்டாலும், நெறியாளர் ஓய்வு பெற்றாலும் தாமதம் ஆய்வாளரின் பெயரில்தான் ஏறுகிறது. கடைசியில் நீட்டிப்புக் கட்டணத்தையும் அவரே கட்டுகிறார்.

ஆய்வாளரால் நேராத தாமதம் அந்தந்தப் பருவத்திலேயே எழுத்தில் பதிவாக வேண்டும். அப்படிப் பதிவான மாதங்களுக்கு நீட்டிப்புக் கட்டணமோ அபராதமோ வாங்கக் கூடாது. எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுதான். மானியக் குழு வகுத்த உச்ச வரம்பை மாநில அரசு மாற்ற முடியாது என்பதை அறிவோம். ஆனால் அந்த வரம்புக்குள் வசூலிக்கும் கட்டணம் பல்கலைக்கழகங்களின் கையில்தான் இருக்கிறது. கீழே வருபவை எல்லாம் இதை நடைமுறைப்படுத்தும் வழிகளே.

டாக்டரல் கமிட்டி

மேற்படி ஒழுங்குமுறையின்படி ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தன் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். பரிந்துரையின் நகல் ஆய்வாளருக்கும் தரப்பட வேண்டும். முன்னேற்றம் போதவில்லை என்றால் காரணத்தையும் திருத்த வழியையும் குழு எழுத்தில் சொல்ல வேண்டும். விதியில் குறை இல்லை. ஆனால் நடப்பில், தட்டச்சு செய்த ஒரு பக்கப் படிவத்தில் "திருப்திகரம்" என்று முன்கூட்டியே அடித்துவிட்டு, உறுப்பினர்களிடம் தனித்தனியே கையொப்பம் வாங்கி அனுப்புவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இப்படி ஆறு பருவமும் "திருப்திகரம்" என்று வந்தபின், ஆய்வுச் சுருக்கம் சமர்ப்பிக்கும் கூட்டத்தில் "கட்டுப்பாட்டுச் சோதனை எங்கே?" என்று முதல் முறையாக ஒரு உறுப்பினர் கேட்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் இரண்டாம் பருவத்தில் கேட்டிருந்தால் ஒரு மாத வேலையாக முடிந்திருக்கும்.

ஆகவே கூட்டம் இப்படி நடக்க வேண்டும் என்று சுற்றறிக்கை தேவை. கூட்டத்துக்கு 7 நாள் முன்னதாக ஆய்வாளர் 4 பக்கத்துக்கு மிகாத அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் போன பருவத்தில் செய்வதாகச் சொன்னது, செய்து முடித்தது, நின்றுபோனது, நின்றதற்குக் காரணம் ஆகியவை இருக்க வேண்டும். காரணத்தைக் கருவி, பொருள், நிதி, நெறியாளரின் நேரம், ஆய்வாளரின் உடல்நலம், ஆய்வே எதிர்பார்த்தபடி அமையாமை என்று பிரித்து எழுத வேண்டும். கடைசியில் சொன்னது குற்றமில்லை என்பதையும் படிவத்திலேயே அச்சிடலாம். எதிர்பார்த்த முடிவு வராததை மறைக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. 30 நிமிடம் விளக்கம், 30 நிமிடம் கேள்வி. வெளியூர் உறுப்பினர் காணொலியில் சேரலாம். குறிப்பை அன்றே எழுதி, 3 வேலை நாளுக்குள் ஆய்வாளருக்கு நகல் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். குழுவைக் கூட்டி நடத்தும் கன்வீனரே நெறியாளர்தான். அப்படியிருக்க, நெறியாளர் இரண்டு மாதமாக வரைவைப் படிக்கவில்லை என்றோ, வீட்டு வேலைக்கும் சொந்த வேலைக்கும் அனுப்புகிறார் என்றோ அந்த அறையில் யார் சொல்வார்கள்? ஒவ்வொரு கூட்டத்தின் கடைசி 15 நிமிடமும் நெறியாளர் வெளியே இருக்க, ஆய்வாளர் மற்ற இரு உறுப்பினர்களுடன் தனியாகப் பேச வேண்டும். குறை உள்ளவருக்கு மட்டும் என்று வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டவர் அடையாளப்பட்டுவிடுவார். அதனால் எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டும். இதே போல் ஆய்வாளர் வெளியே இருக்க நெறியாளர் பேசும் 10 நிமிடமும் இருக்கட்டும். நெறியாளர்களாகிய நாங்களும் அதைக் கேட்கிறோம்.

நெறியாளர் மாற்றம்

பல பல்கலைக்கழகங்களில் நெறியாளரை மாற்ற, தற்போதைய நெறியாளரின் ஆட்சேபணை இல்லாச் சான்று வேண்டும். யாரிடமிருந்து விலக வேண்டுமோ அவரிடமே போய்க் கையொப்பம் கேட்க வேண்டிய நிலை. மேலே சொன்ன இரு உறுப்பினர்களும் துறைத் தலைவரும் சேர்ந்து தரும் பரிந்துரையே போதும் என்று மாற்ற வேண்டும். துறைத் தலைவரே நெறியாளராக இருந்தால் புல முதன்மையர் அந்த இடத்தில் அமரலாம். முடிவுக்கு 30 நாள் கெடு. ஆய்வுக் குறிப்பேடுகளின் மூலப்படி துறையில் இருக்கும், நகல் ஆய்வாளருடன் செல்லும், அதுவரை சேர்ந்த தரவிலிருந்து வரும் கட்டுரைகளில் இருவர் பெயரும் இருக்கும் என்று ஒரு பக்க உடன்படிக்கையைச் சேர்க்கையின்போதே எழுதிவிட்டால் பின்னால் வரும் சண்டையில் பாதி வராது.

ஓய்வுக்கு 3 ஆண்டுக்குள் இருப்பவர் புதிய ஆய்வாளரை எடுக்கக் கூடாது என்பது விதி. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, நெறியாளர் ஓய்வு பெறும் நாளுக்கு 6 மாதம் முன்பே இணை நெறியாளர் நியமிக்கப்பட வேண்டும். ஓய்வுக்குப் பின் தேடத் தொடங்கினால், பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்ற வரம்பு இடிக்கும். காலியிடங்கள் நிரப்பப்படாத துறையில் இடமே இருக்காது.

ஆய்வேடு கொடுத்த பிறகு

ஆய்வேடு சமர்ப்பித்த நாளிலிருந்து வாய்மொழித் தேர்வு முடிவு வரை 6 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று ஒழுங்குமுறை சொல்கிறது. ஆய்வேடு கொடுத்தவுடன் உதவித்தொகை நின்றுவிடும். வைவா எனப்படும் அந்த வாய்மொழித் தேர்வு முடியாமல் உதவிப் பேராசிரியர் பணிக்கோ முதுமுனைவர் ஆய்வுக்கோ பட்டத்தைக் காட்ட முடியாது. இந்த இடைவெளியில்தான் நல்ல ஆய்வாளர்கள் டியூஷன் சென்டருக்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலைக்கும் போகிறார்கள்.

தாமதம் எங்கே வருகிறது என்பது தேர்வுப் பிரிவில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். தேர்வாளர் பட்டியல் துணைவேந்தரின் ஒப்புதலுக்குப் போகிறது. இரு பெயரைக் குறிக்கிறார்கள். இசைவுக் கடிதம் போகிறது, பதில் வருவதில்லை. அடுத்த பெயருக்காகக் கோப்பு மறுபடி கீழிருந்து மேலே ஏறுகிறது. துணைவேந்தர் பணியிடம் காலியாக இருந்தால், அவர் பொறுப்பைக் கவனிக்கும் கன்வீனர் குழு கூடும் வரை அங்கேயே நிற்கிறது. இதற்கு எங்கள் யோசனை: ஒப்புதல் தரும்போதே பட்டியலில் உள்ள அனைவரையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்திக் கையொப்பமிட வேண்டும். முதலில் உள்ளவர் 10 நாளில் இசையாவிட்டால், கோப்பு மேலே போகாமல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரே அடுத்தவருக்கு எழுதலாம். இந்த வேலை முழுவதும் ஆய்வுச் சுருக்கத்துக்கும் ஆய்வேட்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் முடிந்துவிட வேண்டும்.

பிறகு கணக்கு எளிது. ஆய்வேடு வந்த 7 நாளில் மின்படி தேர்வாளர்களுக்குப் போக வேண்டும், அச்சுப்படி பின்னால் போகட்டும். அறிக்கைக்கு 60 நாள், 30ஆம் நாளும் 45ஆம் நாளும் நினைவூட்டல். 67ஆம் நாள் வரை அறிக்கை வராவிட்டால் மாற்றுத் தேர்வாளர், அவருக்கு 45 நாள். திருத்தங்களுக்கு 15 நாள், வைவா அறிவிப்புக்கு 21 நாள், முடிவு வெளியிட 7 நாள். மாற்றுத் தேர்வாளர் வரை போனாலும் 155 நாளில் முடிகிறது. தேர்வாளருக்கான மதிப்பூதியத்தை அறிக்கை வந்த மாதத்திலேயே அனுப்புங்கள். சென்ற முறைப் பணம் வராதவர் அடுத்த முறை இசைவதில்லை என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

ஆய்வேடு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆய்வாளர் பதிவு எண்ணைப் போட்டு இணையத்தில் பார்க்க வழி செய்ய வேண்டும். தேர்வாளர் பெயர் தெரிய வேண்டியதில்லை, தேதிகள் தெரிந்தால் போதும்.

இதோடு ஒட்டிய ஒன்று: ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற நிபந்தனை 2022 ஒழுங்குமுறையில் இல்லை. தரமான ஆய்விதழ்கள் என்று தானே வெளியிட்டு வந்த 'கேர்' இதழ்ப் பட்டியலை மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இல்லாத பட்டியலில் இடம்பெற்ற இதழில் கட்டுரை கேட்கும் விதி எந்தப் பல்கலைக்கழகத்தில் மிச்சமிருந்தாலும் திருத்தப்பட வேண்டும். அந்த விதி, காசு வாங்கி ஒரு வாரத்தில் வெளியிடும் போலி இதழ்களைத்தான் வாழ வைக்கிறது.

உதவித்தொகை

தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய். முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய், 3 ஆண்டுக்கு. இத்திட்டத்துக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு மூன்றாம் ஆண்டு முடிவில்தான் தரவு சேரத் தொடங்குகிறது, அப்போது பணம் நிற்கிறது. டாக்டரல் கமிட்டி பரிந்துரைத்தால் நான்காம் ஆண்டுக்கும் நீட்டிக்க வேண்டும்.

மானியக் குழு உதவித்தொகையில் பணம் தடைபடுவதற்கு டெல்லி மட்டும் காரணமில்லை. மாதந்தோறும் பல்கலைக்கழகத்தில் ஒருவர் ஆய்வாளரின் விவரத்தை வங்கித் தளத்தில் ஏற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்ப வேண்டும். மேக்கர், செக்கர் என்பார்கள். இருவரில் ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதம் மொத்தப் பட்டியலும் நிற்கும். இரு பொறுப்புக்கும் மாற்று அலுவலரை இப்போதே ஆணையில் குறிக்கலாம், செலவே இல்லை. இரண்டாண்டு முடிந்து முதுநிலைக்கு உயர்த்தும் மதிப்பீட்டுக் கூட்டத்தை அந்தத் தேதிக்கு 30 நாள் முன்பே நடத்த வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் ஆய்வாளர் கையில் 5,000 ரூபாய் குறைகிறது. நிலுவை வரும் என்பது வாடகை கேட்கும் வீட்டுக்காரரிடம் எடுபடாது. நிதி வரும்வரை மாதம் 15,000 ரூபாய் வரை முன்பணம் தந்து நிலுவையில் பிடித்துக்கொள்ளும் சுழல்நிதி ஒன்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தேவை.

ஆய்வுக்கூடம்

மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டிய நொதி ஒன்று வெள்ளிக்கிழமை மாலை கூரியரில் வருகிறது. வரவுப் பதிவேட்டில் ஏற்றும் ஊழியர் கிளம்பிவிட்டார். தெர்மாகோல் பெட்டி திங்கள் வரை தபால் பிரிவு மேசைக்கு அடியில் கிடக்கிறது. திறந்தால் உள்ளே தண்ணீர். பொருள் "பெறப்பட்டது" என்று பில் பாஸாகிவிடும். அந்த நொதி கெட்டது தெரியாமல் அதைக்கொண்டு செய்த சோதனைகள் ஏன் தவறுகின்றன என்று ஆய்வாளர் வாரக்கணக்கில் தேடுவார். குளிர்பதனப் பொருள்களை நேரடியாகத் துறையே பெற்று, மறுநாள் பதிவேட்டில் ஏற்ற அனுமதி வேண்டும். நிதிப் பிரிவு ஒத்துக்கொண்டால் ஒரு வரி ஆணையில் முடியும்.

கொள்முதலில், ஒன்றிய அரசு தன் அறிவியல் நிறுவனங்களுக்கு விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பை 2025 ஜூனில் 2 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பொருள்களுக்கு மட்டுமாவது அதை ஒட்டிய வரம்பு வேண்டும்.

பெரிய கருவிகளின் கதி தாங்கள் அறியாததல்ல. திட்ட நிதியில் வாங்கியது, திட்டம் முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் நிற்கிறது. மூலக்கூறின் அமைப்பை அறிய உதவும் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியின் காந்தத்துக்குத் திரவ நைட்ரஜனும் திரவ ஹீலியமும் உரிய நாளில் ஊற்றியே ஆக வேண்டும். ஹீலியம் தவறினால் காந்தம் மீக்கடத்து நிலையை (மின்தடையே இல்லாத நிலையை) இழக்கும், மீட்கும் செலவு ஊற்றாமல் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு. கருவி வாங்கும்போதே 5 ஆண்டுப் பராமரிப்பைத் தொகையில் சேர்க்காத கருத்துருவை ஏற்கக் கூடாது. பழுதான காலத்தில் வெளி மையங்களில் மாதிரியைச் சோதிக்க ஆகும் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். இன்று அது ஆய்வாளரின் சட்டைப் பையிலிருந்து போகிறது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: இரவு 8 மணிக்கு மேல் கரைப்பான், அமிலம் கையாள்பவர் தனியாக இருக்கக் கூடாது. நச்சுப்புகையை வெளியேற்றும் கூண்டின் (ஃப்யூம் ஹுட்) காற்றிழுப்பை ஆண்டுக்கு ஒரு முறை அளந்து கதவில் ஒட்ட வேண்டும்.

குறைதீர்ப்பு

2023ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும், மேல்முறையீடு ஆம்பட்ஸ்பர்சன் எனும் குறைகேள் அலுவலரிடம் செல்லும். இவர்களின் மின்னஞ்சல் முகவரி ஆய்வாளர் அடையாள அட்டையின் பின்புறம் அச்சிடப்பட வேண்டும். மன அழுத்தத்துக்கு வரும் ஆய்வாளரைத் துறைப் பேராசிரியரே கவுன்சலராக இருந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டாம். வெளியிலிருந்து வாரம் இருமுறை வரும் தகுதி பெற்ற உளவியலாளர் போதும்.

மேற்கண்டவற்றில் கமிட்டிக் கூட்ட முறை, நெறியாளர் மாற்றம், தேர்வாளர் வரிசை, மேக்கர் செக்கர் மாற்று, குளிர்பதனப் பொருள் வரவு ஆகியவற்றுக்குப் புதிய செலவினம் ஏதுமில்லை. தங்கள் கடிதத்தின்பேரில் ஆட்சிக்குழுக்களே அடுத்த கூட்டத்தில் ஏற்கலாம். நான்காம் ஆண்டு உதவித்தொகை, சுழல்நிதி, கொள்முதல் வரம்பு ஆகியவை நிதித் துறையின் ஒப்புதலுக்கு உரியவை. முதல் படியாக, 6 மாதத்துக்கு மேல் மதிப்பீட்டில் நிலுவையில் உள்ள அறிவியல் ஆய்வேடுகளின் பட்டியலை, எந்த நிலையில் எத்தனை நாளாக நிற்கிறது என்ற விவரத்துடன், எல்லாத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களிடமும் கேட்டுப் பெறுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வாளர்கள் மற்றும் நெறியாளர்கள்
(கையொப்பப் பட்டியல் தனியே இணைக்கப்பட்டுள்ளது)

நகல்:
மாநிலப் பல்கலைக்கழகப் பதிவாளர்கள்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்கள்