மல்லிகாவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடாமல் உட்கார்ந்து கையால் எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்ததும் எனக்கும் பேனா எடுக்கத் தோன்றியது. இங்கே எல்லாரும் நலம். பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள். நர்சிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். என் மகனுக்கு இஷ்டமில்லை, "அம்மா பட்டது போதாதா" என்கிறான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். முழங்கால் வலி போகவும் இல்லை, கூடவும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கனடாவில் உன் பக்கத்து வீட்டு அம்மா சட்டப்படியே தேதி குறித்துக்கொண்டு, பிள்ளைகளை எல்லாம் வரவழைத்து, டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுப் போய்ச் சேர்ந்ததை எழுதியிருந்தாய். எவ்வளவு நிம்மதியான சாவு என்றும், நம் ஊரில் இழுத்துக்கொண்டு கிடக்கிறார்களே என்றும் எழுதினாய். அதோடு விட்டிருந்தால் நானும் படித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். ஆனால் கடைசியில், "எனக்கும் இப்படித்தான் வேண்டும், யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்று ஒரு வரி. அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை. எனக்கு இதில் சம்மதம் இல்லை, மல்லிகா. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். நீ பொறுமையாகப் படிப்பாய் என்று தெரியும்.

உயிரை எப்படியாவது இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்பத்தைந்து வயதில் எல்லா உறுப்பும் ஓய்ந்த ஒருவரை வென்டிலேட்டரில் போட்டு, மகள் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டணம் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அது கொடுமை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கண்ணியமாகச் சாவதும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, இப்படிப்பட்ட சிகிச்சை எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வழி செய்தது. முதலில் மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 2023இல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி போதும் என்று ஆக்கினார்கள். நானும் எழுதி வைத்துவிட்டேன். மூச்சுக்குழாய் வேண்டாம், நெஞ்சை அமுக்க வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள், வாய் காய்ந்துபோகாமல் பஞ்சில் தண்ணீர் தொட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். கடைசி வரியை நானே சேர்த்தேன், வக்கீல் சிரித்தார். சாவு வாசலுக்கு வந்துவிட்டால் கதவை மறித்து நிற்காமல் ஒதுங்கிக்கொள்வது வேறு. நாமே போய் அதைக் கையைப் பிடித்து அழைத்து வருவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சாக வேண்டும் என்று கேட்டவர்களை நான் நர்ஸ் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். காசிமேட்டுக்காரர் ஒருவரை மறக்க முடியாது. வாய்ப் புற்று முற்றிக் கன்னத்தில் ஓட்டை விழுந்திருந்தது. "ஒரு ஊசி போட்டு முடிச்சிடும்மா, புண்ணியமா போவும்" என்று ரவுண்ட்ஸ் போகும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வார். வார்த்தை குழறும், ஆனால் புரியும். அவருக்கு மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மாத்திரையை நாலு மணிக்கு ஒருதரம் கரைத்து மூக்குக் குழாய் வழியே கொடுக்க ஆரம்பித்தோம். புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினோம். அதைச் செய்தால் நாற்றம் அடங்கும். அதுவரை கதவோரம் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற மகள், கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். பேரன் வந்தான். அப்புறம் அவர் ஊசி கேட்கவில்லை. தடைக்காலம் முடிந்ததா, போட் கடலுக்குப் போய்விட்டதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூன் பாதியில் போட்கள் கிளம்பின. அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் போனார். வலியோடு நாற்றமும் சேர்ந்து அவரை மனிதர்களிடமிருந்து பிரித்து வைத்திருந்தது. அவர் கேட்ட ஊசி அந்தப் பிரிவுக்கான மருந்து இல்லையே.

நம் நாட்டில் அந்த மார்ஃபினே பாதிப் பேருக்குக் கைக்கு எட்டாமல் இருந்ததுதான் பெரிய அநியாயம். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தில் மார்ஃபினும் அடங்கியதால், அதை வாங்கி வைக்கவே ஆஸ்பத்திரிகள் பயந்தன. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். பக்கத்துக் கேரளாவில் 1993இலேயே கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி தணிப்பு மையம் ஆரம்பித்து, ஊர்க்காரர்களையே தொண்டர்களாக்கி வீடு வீடாக அனுப்பினார்கள். நாம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. வலிக்கே சரியாக மருந்து கொடுக்காத ஊரில் சாவுக்கு மருந்து கொடுக்கலாமா என்று விவாதிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸ் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். 1973 நவம்பரில் ஆஸ்பத்திரி ஊழியன் ஒருவன் தாக்கியதில் மூளை பாதித்து, 2015 மேயில் சாகும்வரை 42 வருஷம் படுக்கையில் இருந்தார். அவருக்கு உணவை நிறுத்திச் சாக விடுங்கள் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். வேண்டாம் என்று எதிர்த்து நின்றவர்கள் அங்கே வேலை பார்த்த நர்சுகள். அருணாவோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனபிறகும், அவரை நல்ல நாளில் பார்த்தேயிராத சின்னப் பெண்கள் அடுத்தடுத்து வந்து பார்த்துக்கொண்டார்கள். ஒரு படுக்கைப் புண் வரவிடவில்லை. அதன் அர்த்தம் என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்: இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். 2011இல் கோர்ட் அந்த மனுவைத் தள்ளியது. அதே தீர்ப்பில்தான், சில நிபந்தனைகளோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்பதற்கும் முதன்முதலில் வழி திறந்தது. இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான். கூட இருந்து கழுவித் துடைத்தவர்கள் அவரைப் பாரம் என்று சொல்லவில்லை.

இனி உன் கனடா. 2016இல் சட்டம் வந்தபோது, சாவு நெருங்கிவிட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2021இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஊனத்தோடும் தீராத நோயோடும் இன்னும் பல வருஷம் வாழக் கூடியவர்களும் கேட்கலாம் என்று ஆனது. மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கும் என்று அடுத்து வைத்திருந்ததை 2027க்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். 2023இல் மட்டும் இப்படிப் போனவர்கள் 15,343 பேர், அந்த நாட்டில் நடந்த சாவில் நூற்றுக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. அரசின் ஆண்டறிக்கையிலேயே, ஏன் கேட்டார்கள் என்ற பட்டியலில் தனிமை இருக்கிறது, குடும்பத்துக்குப் பாரம் என்ற எண்ணம் இருக்கிறது. 1997இலிருந்து சட்டம் நடைமுறையில் இருக்கும் அமெரிக்காவின் ஒரிகானிலும், வலியைவிட முன்னால் நிற்பது தன்னிச்சையாக இருக்க முடியவில்லை என்ற கவலைதான். பிரிட்டனில் 2025 ஜூனில் மக்களவை இப்படி ஒரு மசோதாவுக்கு ஆதரவாக 314க்கு 291 என்று ஓட்டுப் போட்டது. அங்கே இதை உரக்க எதிர்ப்பவர்களில் ஒருவர் டானி கிரே தாம்சன், சக்கர நாற்காலியில் ஓடிப் பாராலிம்பிக் தங்கங்கள் வாங்கியவர். நடக்க முடியாதவர்களும் அடுத்தவர் கையால் சாப்பிடுகிறவர்களும்தான் இந்தச் சட்டத்தைக் கண்டு முதலில் பயப்படுகிறார்கள். மற்றவர்கள் "இப்படி இருப்பதற்குச் சாகலாம்" என்று சொல்லும் அந்த "இப்படி"யில்தான் அவர்கள் தினமும் எழுந்து பல் தேய்த்து வாழ்கிறார்கள்.

நீ சொல்லப்போவது தெரியும். அது அவரவர் விருப்பம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு உடனே தலைக்கூத்தல்தான் நினைவுக்கு வருகிறது. என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருத்தி அருப்புக்கோட்டைப் பக்கம். நைட் டியூட்டியில் சொல்வாள். விடியற்காலையில் கிழவிக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீரை மேலும் மேலும் கொடுப்பார்கள். காய்ச்சல் வந்து ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். ஊரே சாவுக்கு வரும். யாரும் அதைக் கொலை என்று சொன்னதில்லை, சடங்கு என்பார்கள். அந்தக் கிழவியைக் கேட்டிருந்தால் "ஆமாம், என்னை அனுப்பிவிடுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பாள், மல்லிகா. கூலி வேலைக்குப் போகாமல் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனைப் பார்த்துக்கொண்டு அவள் வேறு என்ன சொல்வாள்? வெள்ளைக் கோட்டும் கையெழுத்துப் படிவமும் வந்தால் அந்தச் சம்மதம் சுத்தமாகிவிடுமா?

இங்கே எங்கள் தெரு முனை வாரிய வீட்டில், மூன்றாவது மாடியில் ஒரு ஆயா. லிஃப்ட் கிடையாது. கீழே இறங்க வேண்டும் என்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பையன்கள் தூக்கி வர வேண்டும். "எமன் என் ஓலையைத் தொலைச்சிட்டான் போல" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லும். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வந்து ஒரே உளறல். பி.பி. பார்க்கப் போன அன்று கட்டிலுக்கடியில் சொம்புத் தண்ணீர் தொடாமல் இருந்ததைக் கவனித்துக் கேட்டேன். ஆயா மருமகள் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து, "தண்ணி குட்சா ராத்திரில அவள எழுப்பணும். அவ காலைல நாலு மணிக்கு இட்லிக் கடைக்கு எழுந்துக்கணும்" என்றது. தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறது. மருமகள் கெட்டவள் இல்லை. அந்த ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கிறார்கள், அவள் எப்போது தூங்குவாள்? கட்டில் பக்கத்தில் வைக்கும் கமோடு நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்தோம். இப்போது ஆயா தண்ணீர் குடிக்கிறது. எமனைத் திட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் போன மாதம் காய்ச்சல் வந்தபோது, "ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இட்னு போங்கடா" என்று முதலில் கத்தியது ஆயாதான்.

அந்தக் காலத்தில் எல்லாரும் பெரியவர்களைத் தாங்கினார்கள் என்று நான் கதை விடவில்லை. ஸ்டான்லி பக்கத்து மணியக்காரர் சத்திரம் 1782இல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம். அங்கே ஒட்டி வளர்ந்த மருத்துவமனைதான் பிறகு ஸ்டான்லி ஆனது. இன்னும் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். சத்திரத்தில் இன்றும் முதியோர் இல்லம் நடக்கிறது. ஆக, போக்கிடம் இல்லாத கிழவர்கள் அப்போதும் இருந்தார்கள், ஊர் ஒரு தொட்டிக் கஞ்சியாவது வைத்தது. இப்போது மாறியிருப்பது நம் பார்வை. எழுபது வயதில் மாரத்தான் ஓடுகிறவரைத்தான் பேப்பரில் போடுகிறார்கள். ஓட முடியாமல் போனது அவரவர் தப்பு மாதிரி ஆகிவிட்டது. பெரியவர்களே இப்போது டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, "நான் யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்லையே?" என்பதுதான். பிறந்ததிலிருந்து யாரையாவது நம்பித்தானே இருக்கிறோம்!

2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031இல் அது 18.2 ஆகும் என்கிறார்கள், கேரளாவுக்கு அடுத்து நாம்தான். நம் ஜி.எச்.சில் 1978இலேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்குத் தனி வெளிநோயாளிப் பிரிவு தொடங்கினார், நாட்டிலேயே முதலில். கிண்டியில் 2024இல் 200 படுக்கையோடு முதியோர் மருத்துவமனை திறந்தார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் வருகிறவர் போனபிறகு மீதி இருபத்து மூன்று மணி நேரம் அந்த இட்லிக்காரப் பெண் தலையில்தான். அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க, ஆயா பக்கத்தில் உட்கார சம்பளம் கொடுத்து ஒரு ஆளைப் போட இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் கவனிப்பவர்கள் சோர்ந்து போவதுதான் பெரியவர்களைச் சாவைக் கேட்க வைக்கிறது. சட்டம் எழுதுகிறவர்கள் அங்கே கைவைக்கட்டும்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். நீ பாரம் என்று உன் மகள் சொன்னாளா, நீயே முடிவு கட்டிக்கொண்டாயா? இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா கடைசியாகப் படுத்தபோது நீ அங்கிருந்து வந்து உட்கார்ந்தாயே, அப்போது ஒரு ராத்திரியாவது அவரைப் பாரம் என்று நினைத்தாயா? உடம்பு வலித்திருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், எரிச்சல்கூடப் பட்டிருப்பாய். ஆனாலும் "போதும்மா, கிளம்பு" என்று சொல்ல உனக்கு மனசு வந்திருக்காது. உன் மகளுக்கும் வராது. அவளிடம் நேராகப் பேசு, என்னிடம் எழுதிய அந்த வரியையும் சொல். அவள் அழுவாள், பரவாயில்லை.

அப்புறம், டிசம்பரில் வருகிறேன் என்றாயே, மூன்று மாதமாவது இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. எங்கள் வீடு தரைத்தளம்தான். பின்னறையில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துச் சுவரில் கைப்பிடியும் போட்டாயிற்று. ஏர்போர்ட்டிலிருந்து மெட்ரோ நேராகத் தண்டையார்பேட்டைக்கே வருகிறது, ஆனால் உன் பெட்டிகளோடு அது வேண்டாம், மகன் கார் எடுத்து வருவான். நீ சாப்பிடும் மருந்துகளின் சீட்டை டாக்டர் கையெழுத்தோடு கொண்டு வா, பிரஷர் மாத்திரை மட்டும் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் செல்வி