எத்தனை பேர் என்பது மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரின் லாசரஸ், ஹந்து தீவுகளின் பக்கம் உல்லாசப் படகுகள் பெருகும். ஏறும் முன் நாம் கேட்பது, "எத்தனை பேர் போகலாம்?" என்பது மட்டுமே. படகின் கொள்ளளவுத் தகட்டில் ஆள் எண்ணிக்கையோடு கிலோ கணக்கும் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

ஐந்து மீட்டர் நீளப் படகு ஒன்றில் ஏறத்தாழ 70 கிலோ கூடினால் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழும். இரண்டு ஐஸ் பெட்டி, குடிநீர், பார்பிக்யூ அடுப்பு, கூடுதல் பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் 150 கிலோ எளிதில் வந்துவிடும். அதுவே இரண்டு பெரியவர்களின் எடை. அத்தனையையும் பின்பக்கம் அடுக்கினால் பின்முனை அதைவிட ஆழமாக இறங்கும். தளத்து நீர் வடியும் துளைகள் கடல் மட்டத்துக்குக் கீழே போய், அதே துளைவழி கடல்நீர் உள்ளே வரும். உள்ளே புகுந்த நீர் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்போது படகு கவிழலாம். படம் எடுக்க எல்லாரும் ஒரே ஓரத்துக்கு நகர்வதும், மேல்தளத்தில் கூடுவதும் இதை விரைவுபடுத்தும்.

இயந்திரத்தைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறோம். 90 குதிரைத்திறனுக்கு வடிவமைத்த படகில் 115 மாட்டுவது வேகத்துக்காக. பழைய டூ-ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டு அதே திறனுள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் மாட்டினாலும் பெரும்பாலும் எடை கூடும். இயந்திரம் மாட்டியிருக்கும் பின்பலகை விரிசல் விடலாம். வேகமாகப் போய்த் திடீரென விசையைக் குறைத்தால், படகு எழுப்பிய அலையே பின்னால் வந்து உள்ளே கொட்டும். கூர்மையாகத் திரும்பினால் ஆள் வெளியே வீசப்படுவார். அதனால் ஓட்டுநர், தாம் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை உடலோடு மாட்டியிருக்க வேண்டும்.

தகடு இல்லாத சிறிய அவுட்போர்டு படகில் (பின்புறம் வெளியே இயந்திரம் மாட்டிய படகு) எத்தனை பேர் ஏறலாம் என்று கணிக்க அமெரிக்காவில் ஒரு வழி உண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் எடுத்துப் பெருக்கி 15-ஆல் வகுப்பது. 17 அடிக்கு 6 அடி என்றால் 6.8, அதாவது 6 பேர். ஆளுக்கு 68 கிலோ, அமைதியான கடல் என்ற அடிப்படையில் வரும் கணக்கு இது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சுமத்ரா காற்றுக்கும், பாத்தாம் தீவுக்குச் செல்லும் ஃபெர்ரிகள் கிளப்பும் அலைக்கும் அதில் இடமில்லை. எனவே இன்னும் குறையுங்கள். உரிமத்தில் உள்ள எண்ணிக்கையை எந்தக் கணக்கும் கூட்டாது.

படகை வாடகைக்கு விடுவோர் முன்பதிவின்போதே ஆள் எண்ணிக்கையோடு சாமான் எடையையும் கேட்க வேண்டும். எல்லாரும் அமர்ந்த பிறகு, கட்டு அவிழ்க்கும் முன், வடிதுளைகள் நீருக்கு மேலே தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் முதலில் ஐஸ் பெட்டியை இறக்குங்கள், பிறகு ஆளை.

வாசகர்,
பாசிர் ரிஸ்