பாக்சிங் டே படகுப் பயணம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட் வரை ஓடும் சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் போட்டி கிளம்புவதைப் பார்க்கவும் படம் எடுக்கவும், பாக்சிங் டேயான டிசம்பர் 26 அன்று நம் படகில் வந்த எல்லோருக்கும் முதலில் நன்றி. வருஷம் தவறாமல் வருகிறவர்கள் உங்களில் பலர். உங்கள் பிள்ளைகள் தொட்டில் பருவத்திலிருந்து நம் படகில் வளர்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இதைப் பேசித் தீர்க்காமல், உட்கார்ந்து எழுதுகிறேன்.

சில நாட்களாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். நிறைய நீலத் தண்ணீர், தூரத்தில் அரிசிமணி அளவில் நாலைந்து வெள்ளைப் பாய்கள், ஓரத்தில் யாரோ ஒருவருடைய முழங்கை. அதன் கீழே, “டீசலை மிச்சம் பிடிக்க நம்மைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள்” என்று ஒரு வரி.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது, நிழல் போதவில்லை, கழிவறைக்கு வரிசை நின்றது. எல்லாம் உண்மை, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த டீசல் பேச்சை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

அன்று நண்பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை, ஷார்க் தீவுப் பக்கத்திலிருந்து துறைமுக வாய் வரைக்கும் நடுத்தண்ணீர் முழுவதும் பந்தயப் படகுகளுக்கு மட்டும்தான். பார்க்க வருகிற படகு எதுவும் அந்த எல்லைக்குள் நுழையக் கூடாது. எல்லையை ஒட்டி ஓடும்போதும் 6 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. மணிக்கு 11 கிலோமீட்டர், சைக்கிள் வேகம்கூட இல்லை. முன்வரிசையில் கிளம்புகிற 100 அடிப் படகுகள் நல்ல காற்றில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். அவற்றைத் துரத்திப் பிடிக்க நமக்கு அனுமதியும் இல்லை, துரத்தினாலும் பிடிக்க முடியாது. ஆகவே நாம் எங்கே நிற்கிறோம் என்பதுதான் எல்லாமே.

இடம் பிடிப்பதற்காக அன்று 10 மணிக்கே டார்லிங் ஹார்பரை விட்டுக் கிளம்பிவிட்டோம். போய் நின்ற பிறகும் எஞ்சினை அணைக்கவில்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான படகுகள், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும், காற்று ஒரு பக்கம் தள்ளும். நின்ற இடத்தில் நிற்கவே இரண்டரை மணி நேரம் எஞ்சின் ஓடியாக வேண்டும். மிச்சம் பிடிக்க நினைக்கிறவன் 12 மணிக்கு வந்து பின்வரிசையில் நிற்பான். நாம் நின்றது எல்லைக்கோட்டை ஒட்டிய முதல் வரிசை. அன்று படகில் இருந்தவர்கள் இதற்குச் சாட்சி.

நான் தொண்டிப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஊர்க் கடற்கரையில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது பார்க்கிறவர்கள் படகை எங்கே நிறுத்த வேண்டும் என்று சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். காற்று வரும் பக்கம் நின்று பாய்க்கு மறைப்புக் கொடுத்தால் அடி விழும். சிட்னியில் கோடைக்காலத்துப் பிற்பகல்களில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. எங்கள் ஊரில் வாடைக்கொண்டல் என்போம். அந்தக் காற்றில் பந்தயப் படகுகள் துறைமுக வாயை நோக்கி நேராகப் போக முடியாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏறும். வெட்டுகிற ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு ஓரத்துக்கு வந்துதான் திரும்ப வேண்டும். துரத்துகிறவனுக்குப் பாயின் முதுகுதான் கிடைக்கும். ஓரத்தில் பொறுமையாக நிற்கிறவன் முன்னால் படகு தானாக வந்து திரும்பும். சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒன்று நம் படகின் முன்முனையான அணியத்துக்கு நேரே வந்து திரும்பியது. கறுத்த பெரும்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் சாய, கயிறு சுற்றுகிற விஞ்ச் நறநறவென்று கத்த, மேல்விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மறுபக்கத்துக்கு ஊர்ந்தார்கள். நம்மில் ஒருவர் அதை எடுத்த படம் இன்றும் என் அலுவலகச் சுவரில் இருக்கிறது. அதில் ஒரு மாலுமியின் உதட்டில் பூசிய வெள்ளைக் களிம்புகூடத் தெரியும். அதுவும் இதே இடத்திலிருந்து எடுத்ததுதான்.

மேற்குக் கரைப் பக்கம் ஏன், கிழக்கே போயிருந்தால் இன்னும் கிட்டே தெரிந்திருக்காதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெளிச்சத்துக்காகத்தான். கோடைக்கால மணிக்கணக்கில் 1 மணிக்குத் தொடக்கப் பீரங்கி வெடிக்கும்போது சிட்னியில் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும். அந்த வெயிலில் எல்லோர் முகத்திலும் தொப்பியின் நிழல்தான் விழும். அரை மணி, முக்கால் மணி கழிந்து சூரியன் மேற்கே சாயச் சாய, மேற்குப் பக்கம் நிற்கிற நமக்கு வெளிச்சம் முதுகுப் பக்கத்திலிருந்து போய்ப் பாயில் விழும். கிழக்கே நின்றால் அதே பாய் இருட்டுத் துணி. அது மட்டுமில்லை, மேற்கிலிருந்து பார்த்தால்தான் சவுத் ஹெட் முனையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஹார்ன்பி கலங்கரை விளக்கம் பாய்களுக்குப் பின்னால் வரும். அந்த ஒரு படத்துக்காகவே வருகிறவர்கள் நம்மிடம் உண்டு.

இனி எங்கள் தப்பு. இதையெல்லாம் ஏறும்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஆறு வருஷம் நம் படகில் விளக்கம் சொல்லி வந்த தம்பி அக்டோபரில் குடும்பத்தோடு பெர்த்துக்குப் போய்விட்டார். 12.50-க்குப் பத்து நிமிஷ எச்சரிக்கைப் பீரங்கி, 12.55-க்கு ஐந்து நிமிஷ எச்சரிக்கைப் பீரங்கி, அடுத்து எந்தப் படகு எங்கே திரும்பும் என்று மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். 1945-இல் முதல் போட்டியில் ஓடியவை 9 படகுகள்தான், ஜெயித்த படகின் பெயர் ‘ராணி’ என்று அவர் சொல்லும்போது பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்த ராணிக்கு ஹோபார்ட் போய்ச் சேர ஆறரை நாளுக்கு மேல் ஆனது. 2017-இல் கொமான்ச் என்ற படகு அதே 628 கடல் மைலை 1 நாள் 9 மணி 15 நிமிஷத்தில் முடித்தது. இந்த வருஷம் அவர் இடத்துக்கு வந்தவருக்குத் தமிழும் தெரியாது, பந்தயமும் புதிது. முதல் பீரங்கி வெடித்தபோது பாதிப் பேர் அதையே தொடக்கம் என்று நினைத்து முன்னால் ஓடினீர்கள்.

போனில் எடுத்தால் பாய்கள் சின்னதாகத்தான் வரும் என்பதையும் பெர்த்துக்குப் போன அந்தத் தம்பிதான் சொல்லுவார். கண்ணுக்குப் பக்கத்தில் தெரிவதை போன் கேமராவின் அகலப் பார்வை தள்ளிவைத்துவிடும். அந்தப் படத்தை எடுத்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70–300 லென்ஸ் நம்மிடம் இரண்டு இருக்கிறது, கேட்டால் கொடுத்திருப்போம். கேட்கலாம் என்பதே யாருக்கும் தெரியாமல் போனது எங்கள் குறை.

கூட்டம் ஒரே பக்கம் ஓடியபோது கேப்டன் சத்தம் போட்டார். அதில் ஒரு பெரியம்மா அரண்டுபோனார். அவர் வீட்டுக்கு நானே நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கே எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். ஆனால் ஐம்பது பேர் ஒரே ஓரத்தில் நின்றால் படகு எந்த அளவு சாயும் என்று பின்பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும். சொன்ன விதம்தான் தப்பு, சொன்ன விஷயம் தப்பில்லை.

அடுத்த முறை என்ன செய்கிறோம் என்றால், தமிழில் விளக்கம் சொல்ல ஒருவரை இப்போதே பேசி வைத்துவிட்டேன். பெரிய லென்ஸ் கொண்டுவருகிறவர்களுக்கு அணியத்தில் இடம் ஒதுக்கியதாக ஒரு மனக்குறை இருக்கிறது. இனி அணியத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், போன் வைத்திருப்பவருக்கும் அதே முறை. கம்பியில் லென்ஸைச் சாய்த்து எடுக்காதீர்கள், எஞ்சின் அதிர்வு முழுவதும் படத்தில் இறங்கும். முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்து, ஷட்டர் வேகத்தை 1/1600 நொடியோ அதைவிட வேகமாகவோ வையுங்கள். வெள்ளைப் பாய் கேமராவை ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கும், ஒரு படி வெளிச்சம் கூட்டுங்கள். லென்ஸில் உப்புத்தண்ணீர் தெறித்தால் காய்ந்த துணியால் தேய்த்துவிடாதீர்கள், உப்பு கண்ணாடியைக் கீறிவிடும். என் மனைவி பழைய பருத்தி வேட்டிகளைத் துண்டு துண்டாகக் கிழித்து, நல்ல தண்ணீர் பாட்டிலோடு படிக்கட்டுப் பக்கம் வைத்திருப்பார். முதலில் ஈரத்துணி, பிறகுதான் காய்ந்த துணி.

இருக்கைகள் 60-லிருந்து 48 ஆகின்றன, நெரிசல் குறையும். காப்பீடும் படகுத்துறை வாடகையும் ஏறியதால் கட்டணம் 165 டாலராக இருக்கும், பிள்ளைகளுக்கும் அதுவே.

2020-இல் போட்டி வரலாற்றிலேயே முதல் முறையாக ரத்தானபோது, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். பாதிப் பேருக்கு மேல் “வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, அடுத்த வருஷம் வருகிறோம்” என்றீர்கள். அந்த மாதம் படகுக் கடன் தவணை கட்டியது அந்தப் பணத்தில்தான். அதை நான் மறக்கவில்லை. அன்று அப்படிச் சொன்னவர்களின் பெயர்கள் என் நோட்டில் இருக்கின்றன. ஆகஸ்ட் மாதம் முன்பதிவு திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே அவர்களுக்கு என்னிடமிருந்து அழைப்பு வரும்.

அன்புடன்,
உங்கள் படகுக்காரர்

பின்குறிப்பு: நீல நிறத்தில் ஒரு குழந்தைத் தொப்பியும், 67 மில்லிமீட்டர் லென்ஸ் மூடி ஒன்றும் மேல்தளத்தில் கிடைத்தன. துவைத்து, துடைத்து அலுவலகத்தில் வைத்திருக்கிறோம்.