போத்தலைத் திறந்த பிறகு என்ன நடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கையில் சொறி வந்தால் எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணியின் உப்பைத்தான் முதலில் குறை சொல்வோம். வாசனையை யாரும் சந்தேகிப்பதில்லை. தோடம்பழத் தோலில் இருக்கும் லிமோனீனும் லவண்டர் எண்ணெயில் இருக்கும் லினலோலும் வாசனைப் பொருட்கள். இவை இன்று சவர்க்காரம், கிறீம், பாத்திரம் கழுவும் திரவம் என்று எத்தனையோ பொருட்களில் சேர்க்கப்படுகின்றன. புதிதாக இருக்கும்போது இவற்றால் தோலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. காற்றுப் பட்டால் ஒட்சிசனுடன் சேர்ந்து ஹைட்ரோபெரொட்சைட்டுகள் என்ற புதிய சேர்வைகள் உண்டாகின்றன. ஒவ்வாமையைக் கிளப்புவது அவைதான். அந்த ஒவ்வாமை ஒரு தடவை வந்துவிட்டால் அநேகமாக ஆயுள் முழுக்க இருக்கும். தோல் வைத்தியர்கள் சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்யும்போதும் புதிய லிமோனீனை வைத்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது, காற்றுப் பட்டுப் பழுதானதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலில் விடும் கிறீமில் 0.001 வீதத்துக்கும், கழுவிவிடும் சவர்க்காரத்தில் 0.01 வீதத்துக்கும் மேல் லிமோனீனோ லினலோலோ இருந்தால் லேபலில் பெயர் போட வேண்டும். லிமோனீனின் பெரொட்சைட்டு அளவு, அதாவது காற்றுப் பட்டு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதன் அளவு, லீற்றருக்கு 20 மில்லிமோலுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் உண்டு. நல்லதுதான். ஆனால் அந்த எல்லை மூலப்பொருளுக்கு மட்டும், கடைக்கு வரும் பொருளுக்கு இல்லை. மூடி திறந்த பின் பாதிப் போத்தலுக்குள் நடப்பதை அது கட்டுப்படுத்தாது.

எங்களுக்கு முக்கியமானது அந்தப் பாதிப் போத்தல்தான். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பெரிய கேனில் இருந்து பழைய போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் திரவங்களை வாங்குகிறோம். தகரக் கூரையின் கீழ், சித்திரை வெயிலில், கேன் குறையக் குறைய உள்ளே காற்றுக் கூடுகிறது. சூடும் வெளிச்சமும் வேலையை விரைவாக்குகின்றன. அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது, கேன் எப்போது திறக்கப்பட்டது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனப் பொருட்களும் இருந்தன. அதற்குப் பதிலாக 2015இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் பற்றியே அதிகம் பேசுகிறது. அழகுசாதனங்களுக்கு இனி எழுதப்படும் சட்டத்திலாவது காற்றுப் பட்டு மாறும் இந்தப் பொருட்களுக்கு ஒரு தனிப் பிரிவு வேண்டும். ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருள் சேர்ப்பதைக் கட்டாயமாக்கலாம். திறந்த பின் எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பதை, ஐரோப்பாவில் திறந்த டப்பா அடையாளத்துடன் போடுவதுபோல், இங்கே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடலாம்.

அதுவரை பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை ஒரு பணிப்புரை தரலாம்: ஊற்றி விற்கும் கேன் ஒவ்வொன்றிலும் திறந்த திகதியும் உள்ளடக்கமும் எழுதி ஒட்ட வேண்டும். அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு துண்டுக் கடதாசியும் பேனையும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை,
ஆரையம்பதி.