ஆங்கில அணிகளுக்குத் தமிழ் இலக்கணமே திறவுகோல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அண்மையில் தன் பயிற்சி ஏட்டில் ‘இட் லுக்ஸ் லைக் ரெயின்’ என்ற தொடருக்கு எதிரே ‘சிமிலி’, அதாவது உவமை, என்று எழுதியிருந்தாள். ‘லைக்’, ‘ஆஸ்’ என்ற சொற்கள் வந்தால் சிமிலி என்பதே அவள் கற்ற விதி. “மழை வரும்போல் இருக்கிறது என்பதில் உவமை எங்கே இருக்கிறது?” என்று கேட்டதும் அவளே திருத்திக்கொண்டாள். ‘போல்’ வரும் இடமெல்லாம் உவமை ஆகாது என்பது தமிழில் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

நம் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் செய்யுள் அடிகளைக் கொடுத்து அவற்றில் உள்ள அணியைக் கேட்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அத்தோடு நின்றுவிடுவதால், அணி என்பது கவிதைக்கு மட்டுமே உரியது என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். ஆங்கிலேயர் பேச்சில் காலம் பணத்தைப் போலச் செலவாகிறது, சேமிக்கப்படுகிறது, வீணாகிறது. இவை உருவகம் என்பது கூட எவருக்கும் உறைப்பதில்லை. வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர், தம் முதல் அறிக்கையைப் படித்த ஆங்கிலேய மேலாளர் ‘நாட் பேட்’ என்று சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் மனம் சோர்ந்திருந்தார். எதிர்மறையால் பாராட்டுவது ஆங்கிலத்தில் லிட்டோட்டிஸ் என்னும் அணி என்று எங்கள் வகுப்பறையில் நானும் அழுத்திச் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமே.

இவற்றுக்கான திறவுகோல் நம் தமிழ் வகுப்பிலேயே இருக்கிறது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவருவதை ஆகுபெயர் என்கிறோம். ‘இந்தியா வென்றது’ என்பதில் நாட்டின் பெயர் அதன் வீரர்களைக் குறிப்பதால் அதை இடவாகுபெயர் என்று சொல்லத் தெரிந்த மாணவர், அமெரிக்க அரசைக் கருதி வெள்ளை மாளிகை மறுத்தது என்று ஆங்கிலச் செய்தியில் வருவதை மெட்டோனமி என்னும் ஆங்கில அணி என்று காண முடியாமல் போவதற்குக் காரணம், ஆகுபெயரை நன்னூல் பெயரியலில் வைத்ததும், நாமும் அதைச் சொல்லிலக்கணமாகவே நடத்திவருவதும்தான் என்று நினைக்கிறேன். அணி என்ற பெயரில் படிக்காததால் ஆங்கில அணியோடு அது அவர்கள் மனத்தில் சேர்வதில்லை. ஆங்கிலேயர் நீரைக் கருதிக் கெட்டில் கொதிக்கிறது என்கிறார். நாம் பாத்திரத்தைக் கருதி அடுப்பிலிருந்து பாலை இறக்கு என்கிறோம். திசை மாறினாலும் வழக்கு ஒன்றே. இறந்தவரைத் ‘துஞ்சினார்’ (உறங்கினார்) என்னும் மங்கலமும், ‘கால் கழுவி வருகிறேன்’ என்னும் இடக்கரடக்கலும் சொல்லக் கூசுவதை மென்மையாகச் சொல்லும் ஆங்கிலத்தின் யூபிமிசம் அல்லாமல் வேறென்ன?

இரு மொழியிலும் பகுப்பு அப்படியே பொருந்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும்போது உறுப்பின் பெயர் ஆளைக் குறிக்கும் சினையாகுபெயரை ஆங்கிலத்தார் சினெக்டகி என்று தனியே பிரிக்கிறார்கள். நமக்கு அதுவும் ஆகுபெயரின் ஒரு வகையே. இந்த வேறுபாட்டையும் ஆசிரியர் எடுத்துக்காட்டினால் மாணவருக்கு இரு இலக்கணமும் தெளியும்.

எனவே வினாத்தாள் அமைப்போர் செய்யுளோடு செய்தித் தலைப்பு, விளம்பரம், உரையாடல் ஆகியவற்றிலிருந்தும் தொடர்களைக் கொடுத்து, அணியின் பெயரோடு அது உணர்த்தும் பொருளையும் கேட்க வேண்டுகிறேன். தங்கள் நாளிதழும் மாணவர் பகுதியில் நாள்தோறும் ஓர் ஆங்கிலத் தொடரை அதற்கு இணையான தமிழ் வழக்கோடு வெளியிட்டு உதவ வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.