வர்க்கலா விளிம்பில் அறை எடுப்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், கேரளக் கடலோரக் குன்று ஊரான வர்க்கலா பற்றி வந்த சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். குன்றின் விளிம்பில் உட்கார்ந்து மீன் சாப்பிடும் சுகத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியவர், மழைக்கு மழை அந்த விளிம்பு சரிந்துவருவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

கோவை, திருப்பூர்ப் பக்கமிருந்து அங்கே ரயிலேறுகிறவர்கள் நிறைய. இப்போது முதல் போடவும் கிளம்பிவிட்டார்கள். பனியன் தொழிலில் கொஞ்சம் காசு பார்த்த என் பங்காளி மகன் ஒருவன், விளிம்போரம் ஒரு விடுதியை லீசுக்கு எடுக்கலாமா என்று கேட்கிறான். "கடல் அத்தனை கீழே கிடக்குது பெரியப்பா, அலை எங்க மேல வரப்போகுது?" என்கிறான்.

அலை மேலே வரவே வேண்டாம். அந்தக் குன்றின் தலையில் இருப்பது செம்புரைக்கல், அதன் கீழே மணற்கல், இடையிடையே களிமண். மழைத் தண்ணீர் மேலிருந்து சுலபமாக இறங்கிவிடும். களிமண்ணைத் தொட்டதும் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடி, குன்றின் முகத்தில் ஊற்றாகக் கசியும். பாபநாசம் கடற்கரையில் இந்த ஊற்றுகள் பிரசித்தம். கசிகிற இடத்தில் மணற்கல் அரித்துக்கொண்டே போக, மேலே உள்ள கல் பிடிமானமில்லாமல் தொங்கும். ஜூன் மழையில் அலையும் அடிவாரத்தைக் கரைக்கும்போது பாளம் பாளமாக விழும். இதெல்லாம் இயற்கை. விடுதிகளின் உறிஞ்சுகுழித் தண்ணீர், புல்தரைக்குப் பாய்ச்சும் தண்ணீர், மேலே ஏற்றிய கான்கிரீட் பாரம், இவை நாம் சேர்ப்பவை.

காங்கேயம் பக்கம் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. கிணற்று மேட்டில் மோட்டார் ரூமும் கட்டி, கசிகிற தொட்டியையும் பக்கத்திலேயே வைத்தால், ஐப்பசி மழையில் கரை எந்தப் பக்கம் இடியும் என்று தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அடிவாரத்தில் கல்லைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். கல் அலையைத் தடுக்கலாம், மேலிருந்து இறங்கும் தண்ணீரை அது என்ன செய்யும்? குன்றிலிருந்து விழும் மணல் கீழே உள்ள கடற்கரைக்கும் போய்ச் சேருகிறது. கல்சுவர் அந்த மணல் வருவதையும் நிறுத்திவிடும்.

அப்புறம் சட்டம். 2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-ஐத் தாண்டும் கிராமப்புறக் கடலோரங்களில், கட்டக்கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. அந்தத் தூரத்தை உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, அளக்கிறார்கள். குன்றுக் கரையில் அந்தக் கோடு அடிவாரத்தில் கிடக்கும், சரிவதோ மேல் விளிம்பு. இங்கெல்லாம் விளிம்பிலிருந்து, அது எவ்வளவு வேகமாகப் பின்வாங்குகிறது என்று பார்த்து அளப்பதுதான் முறை. விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு, கொச்சி மரடில் 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்த நான்கு அடுக்குமாடி வளாகங்களே போதும். அங்கே பணம் போட்டவர்களும் விவரம் தெரியாதவர்கள் இல்லை.

அந்த ஊருக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விளிம்பை விட்டுத் தள்ளி, உள்ளே அறை எடுங்கள். கடலைப் பார்க்க நடந்து போகலாம், உடம்புக்கும் நல்லது. உங்கள் பயண எழுத்தாளரிடமும் ஒன்று சொல்லுங்கள்: அடுத்த முறை ஒரு விடுதியைப் பரிந்துரைக்கும் முன், குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று விடுதிக்காரரிடம் கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காங்கேயம்.