குளிர் காலைகளில் சிக்கிக்கொள்ளும் பிஸ்டல்கள்

ஆசிரியருக்கு,

ஜனவரி, பெப்ரவரியில் துகள்பனி கொட்டும் நுவரெலியாக் காலைகளில் பிஸ்டல் போட்டி வைத்தால், தொடரின் பாதியிலேயே ஏதாவது ஒன்று சிக்கிக்கொள்ளும். உடனே பழி துப்பாக்கியின் மேல் விழும். பெரும்பாலும் குற்றம் எண்ணெயில்தான்.

25 மீற்றர் போட்டிக்கான .22 அங்குலப் பிஸ்டலில், வெடித்த கோது பின்னால் உதைக்கும் விசைதான் சிலைடை, அதாவது முன்பின்னாக ஓடி அடுத்த ரவையை ஏற்றும் பகுதியை, தள்ளுகிறது. போட்டி ரவைகளில் அந்த விசை மட்டுமட்டாகவே இருக்கும். குளிரில் வெடிமருந்து சற்று மந்தமாக எரியும், எண்ணெய் தடிக்கும். சிலைட் முழுத் தூரம் போகாததால் வெற்றுக் கோது வெளியேறும் வாயிலிலேயே நெரிபடும். ரவையின் மேல் பூசிய மெழுகும் இறுகி, ரவை உட்காரும் அறையில் படியும். அடுத்த ரவை முழுதாக உள்ளே போகாது.

முதல் நாளே பழைய எண்ணெய், கிறீஸ் எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். சிலைட் ஓடும் தடங்களில் மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு துளி போதும். ரவையை அடித்து வெடிக்கவைக்கும் பயரிங் பின் ஓடும் துளையில் ஒரு பொட்டும் வேண்டாம்; அங்கே எண்ணெய் தடித்தால் அடி பலவீனமாகி ரவை வெடிக்காது. அறையைச் சிறு தூரிகையால் தேய்த்து மெழுகை எடுங்கள். ரவை குளிராமலிருக்கப் பெட்டியை உள்சட்டைப் பையில் வைத்தால் போதும், அடுப்பருகே வேண்டவே வேண்டாம்.

10 மீற்றர் காற்றுப் பிஸ்டலுக்கு இந்தத் தொல்லை குறைவு. 20 பாகை செல்சியசில் 200 பார் அழுத்தம் காட்டும் காற்றுச் சிலிண்டர் 5 பாகையில் ஏறத்தாழ 190 காட்டும். அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் அதைச் சமாளித்துவிடும். பழைய காபனீரொட்சைட்டு வகை அப்படியல்ல. 20 பாகையில் 57 பாராக இருக்கும் அழுத்தம் 5 பாகையில் 40க்கு இறங்குவதால், குண்டு தாழ்வாக விழும். கைப்பம்பால் காற்றடிப்பவர்கள் ஈரத்தையும் சேர்த்தே சிலிண்டருக்குள் அடைக்கிறார்கள். நம் மலைக்காற்றில் அது கொஞ்சநஞ்சமல்ல.

போட்டி முடிந்து சூடான அறைக்குள் வந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த இரும்பில் நீர் பூக்கும். ஒரு மணித்தியாலம் மூடியே வைத்துவிட்டுப் பிறகு துடையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பொஞ்சையும் காயவிடுங்கள், துருப்பிடிப்பது அதிலிருந்துதான்.

சுடும்போது சிக்கினால் கை வைக்காதீர்கள். குழாயை இலக்குப் பக்கமே வைத்து, மற்றக் கையை உயர்த்தி நடுவரை அழையுங்கள். தானே திறந்து பார்த்தவருக்கு மீண்டும் சுடும் சலுகை கிடைக்காது.

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: 25 மீற்றர் சுற்றுகளை வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். அழுத்த 1000 கிராம் வேண்டிய ட்ரிகரின் எடையே விறைத்த விரலுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
சுடுதல் பயிற்சியாளர்கள் சிலர்,
பண்டாரவளை